அத்தையே பாட்டியான கதை

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, கூகுளில் ‘ஏற்காடு’ என்று தட்டினால் ஓரத்தில் ஒரு பெட்டி வருகிறதே, உயரம், வானிலை, எந்த மாவட்டம் என்று, அதற்குப் பின்னால் நாலெட்ஜ் கிராஃப் என்றொரு சமாச்சாரம் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து. அதனால் இந்த மாதம் வைஃபை வேகமும் இன்வெர்ட்டர் பேட்டரியும் ஓரமாக உட்காரட்டும்.

எம்.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். நாலெட்ஜ் கிராஃபில் இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள உறவைத் தேடி, அதை விளக்கிச் சொல்வதுதான் என் ப்ராஜெக்ட். என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பத்தாவது பரீட்சையில் போட்ட கிராஃபா என்கிறார்.
— மாணவி, அஸ்தம்பட்டி

அந்த கிராஃப் இல்லை என்று முதலில் சொல்லிவிடும்மா. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, அளவுத்திட்டம் எதுவும் இதில் கிடையாது. வெறும் புள்ளியும் கோடும்தான்: ஒவ்வொரு பொருளும் ஒரு புள்ளி, இரண்டு பொருளுக்கு இடையே உள்ள உறவு ஒரு கோடு. உடனே கோலத்தை உதாரணம் காட்டிவிடாதே. எல்லாரும் காட்டுகிறார்கள், ஆனால் கோலத்தில் எந்தக் கோட்டுக்கும் பெயர் கிடையாது, சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடுவதுகூட இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். இங்கே கோட்டின் பெயரில்தான் விஷயமே இருக்கிறது.

அம்மாவைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போ, மனசுக்குள்தான். பந்தியில் பக்கத்து இலைப் பாட்டி உன்னைப் பார்த்து, “நீ யாரு ஊட்டுப் புள்ள கண்ணு?” என்று கேட்கும். அப்பா பெயரைச் சொன்னால் அதோடு விடாது. கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்துவிட்டு, “அட, வாழப்பாடியில குடுத்த உங்க சின்ன அத்தை இருக்காளே, அவ நாத்தனார் மருமவதான் எம் பேத்தி” என்று சொல்லி, ரசம் வருவதற்குள் உன்னைச் சொந்தமாக்கிவிடும். உன் ப்ராஜெக்ட் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். மனுஷர்கள் புள்ளி; அத்தை, நாத்தனார், மருமகள், பேத்தி என்பதெல்லாம் கோடு. பாட்டி தன் தலைக்குள் இருக்கும் வலையில் உன்னிலிருந்து தன்வரை ஒரு பாதை தேடுகிறது, கிடைத்ததும் அதை வாயால் சொல்கிறது. தேடுவது ஒரு வேலை, சொல்வது இன்னொரு வேலை, உன் தலைப்பில் இரண்டும் இருக்கிறது என்பதைக் கவனி.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோட்டையும் மூன்று துண்டாக எழுதி வைப்பார்கள். ‘ஏற்காடு, அமைந்திருக்கும் மலை, சேர்வராயன்’ என்கிற மாதிரி. அந்த மூன்று துண்டுக்கும் இங்கிலீஷில் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். பள்ளிக்கூடத்துத் தமிழய்யா கேட்டால் சந்தோஷப்படுவார். இப்படி எழுதுவதற்கான ஆர்.டி.எஃப். என்ற முறையை வலைத்தள விதிமுறைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999லேயே கொண்டுவந்துவிட்டது. அதில் தேடுவதற்கான ஸ்பார்க்கிள் மொழி 2008ல் வந்தது. உன் கைடு கட்டாயம் கேட்பார், குறித்துக்கொள்.

இப்போது உன் ப்ராஜெக்ட்டின் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். அப்பா, அவருடைய உடன்பிறப்பு, அந்த உடன்பிறப்பின் மகள். மூன்றே கோடு. நடுவில் இருக்கும் உடன்பிறப்பு ஆணாக இருந்தால், அதாவது பெரியப்பாவோ சித்தப்பாவோ என்றால், அந்தப் பெண் உன் அண்ணனுக்குத் தங்கை முறை. அதே இடத்தில் அத்தை இருந்தால் அந்தப் பெண் முறைப்பெண்! பாதையின் நீளம் ஒன்றுதான், ஒரு கோட்டின் பெயர் மட்டும் மாறுகிறது, விஷயம் தலைகீழாகிவிடுகிறது. இங்கிலீஷ்காரன் இரண்டையும் ‘கசின்’ என்று ஒரே டப்பாவில் போட்டுவிடுவான். நிறைய ப்ராஜெக்ட்டுகள் இதே தப்பைத்தான் செய்கின்றன: எத்தனை படி என்று எண்ணுகிறார்கள், எந்தப் படி என்று பார்ப்பதில்லை.

இன்னொன்று. எங்கள் உறவில் ஒருவர் தன் அக்கா மகளையே கட்டியவர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அது சகஜம். அவருடைய பையனுக்கு, அப்பாவின் அக்கா என்கிற வகையில் ஒரு அம்மாள் அத்தை. அம்மாவின் அம்மா என்கிற வகையில் அதே அம்மாள் பாட்டி. இரண்டு பாதையும் சரி, இரண்டுமே இரண்டு கோடு நீளம். குட்டைப் பாதையைக் கொடு என்று மெஷினைக் கேட்டால் அது பூவா தலையா போட்டுப் பார்க்க வேண்டியதுதான். பையன் என்ன செய்தான் தெரியுமா? வீட்டில் அம்மாச்சி என்று கூப்பிட்டான், அப்பாவிடம் கோபித்துக்கொண்டு போய் முறையிடும்போது மட்டும் ‘உங்க அக்காகிட்ட சொல்றேன்’ என்றான். எந்தப் பாதையைச் சொல்வது என்பது யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. உன் ப்ராஜெக்ட்டில் கேட்பவர் யார் என்பதற்கு ஒரு இடம் வை, மதிப்பெண் கூடுதலாக வரும் என்று என் கணிப்பு.

பேரன் லேப்டாப்பில் ஏதோ வரைந்து காட்டி, பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரிக்கும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கும் எங்கள் ஏற்காடு வழியாகத் தொடர்பு இருக்கிறது என்கிறான். நம்புவதா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு

நம்பலாம் ஐயா. எனக்கும் இந்தச் சங்கிலி ரொம்பப் பிடிக்கும்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் அந்தக் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்தியாவின் பழைய கற்காலத்துக்கு முதல் சாட்சி அந்தக் கல்தான். ஃபுட் கடைசியில் உங்கள் ஊரில் குடியிருந்தவர், உங்கள் ஹோலி டிரினிட்டி சர்ச்சில்தான் அவருக்கு அடக்கம். அவர் மனைவியின் அப்பா பீட்டர் பெர்சிவல், தமிழ் நன்றாகத் தெரிந்த பாதிரியார், 1882ல் ஏற்காட்டிலேயே காலமானார். இந்த பெர்சிவல் முன்பு யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் கூடவே இருந்து உதவியவர், பிற்பாடு சைவத்துக்காக அதே பாதிரிமார்களோடு மல்லுக்கு நின்ற ஆறுமுக நாவலர். ஆக, கோடரி, கண்டெடுத்தவர், அவர் மாமனார், மாமனாருக்கு உதவியவர். மூன்று கோட்டில் முடிந்துவிட்டது.

எப்படித் தேடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோடரியிலிருந்து கிளம்பி, அதைத் தொடும் எல்லாப் புள்ளிகளுக்கும் போய், அங்கிருந்து அவற்றைத் தொடும் எல்லாவற்றுக்கும் போய் என்று அலை மாதிரி விரிந்துகொண்டே போகலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு கோடு என்று வைத்துக்கொண்டால், நாலாவது படியில் பத்துக் கோடி பாதை ஆகிவிடும். அதனால் ஒரு தந்திரம் உண்டு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருத்தர் வருகிறார், குப்பனூர் வழியாக இன்னொருத்தர் ஏறுகிறார், இரண்டு பேரும் ஏரிக்கரையில் சந்திக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் தேடினால் ஆளுக்கு இரண்டு படி போதும். பத்தாயிரமும் பத்தாயிரமும் இருபதாயிரம். பத்துக் கோடி எங்கே, இருபதாயிரம் எங்கே!

ஆனால் பேரனிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தப் பாதையை வைத்துக்கொண்டு ‘ஃபுட்டுக்கு நாவலரைத் தெரியும்’ என்று அவன் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். ஃபுட் இந்தியாவுக்கு வேலைக்கு வந்ததே 1858ல். அதற்குள் பெர்சிவல் யாழ்ப்பாணத்தை விட்டு மெட்ராஸுக்கு வந்து ‘தினவர்த்தமானி’ பத்திரிகையையே தொடங்கிவிட்டார், அது 1855. கோடுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன, காலங்கள் தொடர்ச்சியாக இல்லை. நீங்கள் என் நண்பர், இன்னொருத்தர் உங்கள் நண்பர் என்றால் அவரும் நானும் நண்பர்கள் ஆகிவிடுகிறோமா என்ன? சில கோடுகளைத்தான் அப்படி ஒட்டிக்கொண்டே போகலாம். ஏற்காடு சேர்வராயன் மலையில் இருக்கிறது, சேர்வராயன் மலை சேலம் மாவட்டத்தில், சேலம் மாவட்டம் தமிழ்நாட்டில். அது கடைசிவரை ஒட்டும். மாமனார், நண்பர், உதவியாளர் எல்லாம் ஒட்டாது.

இந்த நாலெட்ஜ் கிராஃப் எப்போது வந்தது? யார் கண்டுபிடித்தது?
— வாசகர், அம்மாபேட்டை

அந்தப் பெயரைப் பிரபலமாக்கியது கூகுள், 2012 மே மாதம். அப்போதே 50 கோடிப் பொருள்கள், அவற்றைப் பற்றி 350 கோடித் தகவல்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஃப்ரீபேஸ் என்ற தகவல் களஞ்சியத்தை வைத்திருந்த கம்பெனியை விலைக்கு வாங்கியிருந்தார்கள், விதை அங்கிருந்து வந்தது. அதே 2012 அக்டோபரில் விக்கிமீடியா ஆரம்பித்த விக்கிடேட்டா இலவசம், யாரும் திருத்தலாம். இன்று அதில் பத்துக் கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. கண்டுபிடித்தவர் என்று ஒருத்தரைக் காட்ட முடியாது. புள்ளி, கோடு என்று யோசிக்கும் கணக்குக்குக் கணித மேதை ஆய்லர்தான் மூதாதை, ஒரு ஊரின் ஏழு பாலத்தையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற புதிரை அவர் எடுத்து ஆராய்ந்து கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் ஆகப்போகிறது.

சேலம் என்று இங்கிலீஷில் தேடினால் அமெரிக்காவில் சூனியக்காரி விசாரணை நடந்த ஊர் வருகிறது. அது போகட்டும். ஆறாவது படிக்கும் என் மகன் ‘ராஜாஜி பிறந்தது சேலம் மாவட்டம்’ என்று எழுதினான், தப்பு, கிருஷ்ணகிரி மாவட்டம் என்று போட்டுவிட்டார்கள். தாத்தாவோ பையன் பக்கம். யார் சரி?
— இல்லத்தரசி, ஓமலூர்

இரண்டு தரப்பும் சரிதானம்மா, ஆனால் பையனுக்குப் பாதி மதிப்பெண்ணாவது கொடுத்திருக்கலாம்.

முதலில் ஊர்ப் பெயர். மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது, 1692ல் அந்த விசாரணைகள் நடந்த இடம். ஓரிகன் மாநிலத்தின் தலைநகரமும் சேலம். அந்த இரண்டும் பைபிளில் வரும் பெயரிலிருந்து வந்தவை, நம்ம சேலத்துக்கும் அவற்றுக்கும் இங்கிலீஷ் எழுத்து ஒற்றுமையைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருந்தால் போஸ்ட்மேன் கதவு எண்ணைப் பார்க்கிற மாதிரி, கிராஃபில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். பெயர் என்பது எண்ணின் மேல் ஒட்டிய லேபிள், அவ்வளவுதான். இந்த எண் ஒட்டும் வேலையில் கோட்டை விட்டால் அப்புறம் தேடுவதெல்லாம் வீண்: நம்ம சேலத்து சினிமா கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்காவுக்குப் போய்விடும்.

ராஜாஜி விஷயம் இன்னும் சுவாரசியம். அவர் பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில். அன்றைக்கு அது சேலம் ஜில்லா. 1965ல் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது தொரப்பள்ளியும் அதோடு போயிற்று. 2004ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது, தொரப்பள்ளி அங்கே போயிற்று. ஊர் நகரவே இல்லை, எல்லைக் கோடுதான் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறது. நல்ல கிராஃப் என்றால் ‘தொரப்பள்ளி, இருக்கும் மாவட்டம், சேலம்’ என்று எழுதிவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே ‘1965 வரை’ என்று குறித்து வைக்கும். விக்கிடேட்டாவில் இதற்கு வசதி இருக்கிறது, நிரப்பத்தான் ஆள் வேண்டும். தேதி இல்லாத கோட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் தாத்தாவும் டீச்சரும் சாகும்வரை போடலாம்.

பையனுக்கு ஆறுதலாக ஒன்று: ராஜாஜிக்கும் சேலம் நகரத்துக்கும் வேறொரு கோடு அழியாமல் இருக்கிறது. இங்கேதான் வக்கீல் தொழில் செய்தார், 1917ல் நகராட்சித் தலைவரானார். மாவட்டத்தை எத்தனை துண்டாகப் பிரித்தாலும் அது மாறப்போவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை. வெளி ஆட்களிடம் கொடுத்து வாங்குகிறோம். மைத்துனர் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறார், நம் கணக்கையும் கிராஃபில் போடலாம் என்கிறார். எனக்கு இது எதற்கு?
— பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

மைத்துனர் ஆர்வக்கோளாறில் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். யார் யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், எவ்வளவு வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதற்கு நோட்டுப் புத்தகம் போதும், மிஞ்சிப்போனால் எக்செல்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். வெளியூர்க் கடைக்காரர் ஒருத்தர் கொலுசைத் திருப்பி அனுப்பி, டச், அதாவது வெள்ளியின் தூய்மை, குறைகிறது என்கிறார் என்று வையுங்கள். அந்த ஜோடி யாரிடம் மெருகு ஏறியது, அவருக்கு முன்னால் பற்றவைத்தது யார், சங்கிலி பின்னியது யார், கம்பி இழுத்தது யார், அந்தக் கம்பிக்கான வெள்ளி எந்தக் கட்டியிலிருந்து உருக்கியது? இது ஐந்து படி. அதோடு முடியாது: அதே கட்டியிலிருந்து போன வேறு கொலுசுகள் இப்போது எந்தெந்தக் கடையில் இருக்கின்றன என்று ஐந்து படி திரும்பவும் கீழே இறங்க வேண்டும். நோட்டில் இதைத் தேடினால் ராத்திரி முழுக்கப் புரட்ட வேண்டும், எக்செல்லிலும் ஒரு அட்டவணையை இன்னொன்றோடு பொருத்தி, அதை மூன்றாவதோடு பொருத்தி என்று மூன்றாவது படியிலேயே தலை சுற்றும். தகவலைப் புள்ளியும் கோடுமாகவே சேமித்து வைக்கும் கிராஃப் டேட்டாபேஸ் இந்த இடத்துக்காகவே பிறந்தது. கட்டியைத் தொட்டால் போதும், கோடு பிடித்து ஓடிவிடும்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது, வெளிநாட்டில் பணம் பதுக்க உதவும் கம்பெனிகளைப் பற்றி 2016ல் வந்த பனாமா பேப்பர்ஸ். கசிந்தது 1 கோடியே 15 லட்சம் ஆவணம், 2.6 டெராபைட். சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பினர் அதையெல்லாம் ஆள், கம்பெனி, விலாசம் என்று புள்ளியாக்கி, இவர் அதில் பங்குதாரர், அது இந்த விலாசத்தில் பதிவானது என்று கோடு போட்டார்கள். தனித்தனிக் காகிதமாகப் படித்தால் ஒரு குற்றமும் தெரியாது, ஒரே விலாசத்திலிருந்து கிளம்பும் கோடுகளைப் பார்த்தால்தான் முகம் தெரியும்.

சரி, உங்களுக்கு வேண்டுமா? வருஷத்துக்கு இரண்டு தடவை டச் தகராறு வருகிறது என்றால் வேண்டாம். ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு எண் போட்டு, அந்த எண்ணைக் கம்பியிலிருந்து மெருகு வரை எல்லாச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள், பாதிப் பலன் பைசா செலவில்லாமல் கிடைத்துவிடும். மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது என்றால் மைத்துனருக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள்.

எதை எடுத்தாலும் எதோடாவது தொடர்பு இருக்கத்தான் செய்யும். நானும் கலெக்டரும்கூட ஒரே மாவட்டம். அப்படியிருக்க, தொடர்பு கண்டுபிடிப்பதில் என்ன பெருமை?
— ஜவ்வரிசி ஆலைக் கணக்கர், ஆத்தூர்

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி. ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதில்தான்.

சேலம் ஜங்ஷனில் இரண்டு பேரும் இறங்கினார்கள் என்றால் அது ஒரு செய்தியே இல்லை, ஆயிரக்கணக்கானவர் தினமும் இறங்குகிறார்கள். இரண்டு பேரும் ஒரே ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒரே பெட்டியில் எதிரெதிர் பர்த்தில் வந்தார்கள் என்றால் போலீஸே திரும்பிப் பார்க்கும். ஆயிரக்கணக்கான கோடு வந்து விழுகிற புள்ளிகள், ‘இந்தியா’, ‘ஆண்’, ‘சேலம் மாவட்டம்’ போன்றவை, ஜங்ஷன் மாதிரி. அவை வழியாகப் போகும் பாதை எப்போதும் குட்டையாக இருக்கும், எப்போதும் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அதனால் அந்தப் பாதைகளின் மதிப்பெண்ணைக் குறைத்து, அபூர்வமான கோடு வழியாகப் போகும் பாதைக்கு ஏற்றிக் கொடுப்பார்கள். அபூர்வமான சொல்லுக்கு எடை அதிகம் என்று 1972ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் தேடல் துறைக்குச் சொல்லிக் கொடுத்த அதே கணக்குதான் இங்கேயும் ஓடுகிறது.

உங்கள் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசிக்கும் ஏற்காடு காபிக்கும் என்ன தொடர்பு? ‘இரண்டும் சேலம் மாவட்டம்’ என்பது ஜங்ஷன் பதில். ஜவ்வரிசி செய்யும் குச்சிக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், காபியோ எத்தியோப்பியக் காட்டுச் செடி, ஏற்காட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் 1820களில் இங்கே கலெக்டராக இருந்த காக்பர்ன். இரண்டும் கடல் தாண்டி வந்து நம்ம ஊர் அடையாளம் ஆனவை என்ற பாதை இரண்டு மூன்று படி நீளம், ஆனால் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. இன்னொன்று வேண்டுமா? ஏற்காட்டுக்கும் மேட்டூருக்கும். ஒரே மாவட்டம் என்று சொல்லி முடித்துவிடலாம். மலையில் பாக்சைட் இருக்கிறது, பாக்சைட்டிலிருந்து அலுமினியம் வருகிறது, அலுமினியம் எடுக்க மின்சாரம் எக்கச்சக்கமாக வேண்டும், ஆலை அமைந்தது அணை இருக்கும் மேட்டூரில் என்றும் சொல்லலாம். நீங்களும் கலெக்டரும் ஒரே மாவட்டம் என்பது சரி. அவருடைய டிரைவர் உங்கள் ஆலையில் முன்பு லாரி ஓட்டியவர் என்றால் எனக்கு எழுதுங்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னால் செல்ஃபி எடுத்துப் போட்டேன். கேரளா நண்பன் ‘எங்க சினிமா பிறந்த இடம்’ என்று கமென்ட் போட்டான். கிண்டலா?
— கல்லூரி மாணவர், கன்னங்குறிச்சி

கிண்டல் இல்லை தம்பி. டி.ஆர். சுந்தரம் 1935ல் ஆரம்பித்த அதே மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1938ல் ‘பாலன்’ என்ற முதல் மலையாளப் பேசும் படத்தைத் தயாரித்தது. இரண்டே கோடு. ‘பிறந்த இடம்’ என்பது கொஞ்சம் அதிகம், மலையாளத்தில் அதற்கு முன்பே ஊமைப்படம் உண்டு. ‘பேச ஆரம்பித்த இடம்’ என்று திருத்தச் சொல்.

இருக்கிற கோட்டைத் தேடுவது சரி. இல்லாத கோட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?
— பி.பார்ம். மாணவி, அயோத்தியாப்பட்டணம்

முடிந்திருக்கிறது, அதுவும் உன் துறையிலேயே, கம்ப்யூட்டர் கிராஃப் பிரபலமாவதற்கு எவ்வளவோ முன்னால். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டான் ஸ்வான்சன் என்று ஒருவர், டாக்டர் இல்லை, தகவல் அறிவியல்காரர். ரேனோ என்று ஒரு நோய் உண்டு, குளிர் பட்டால் விரல் வெளுத்து நீலம் பூத்துவிடும், டிசம்பரில் ஏற்காடு போனால் அவர்கள் பாடு கஷ்டம். இந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டியாக இருக்கிறது என்று ஒரு குவியல் கட்டுரை சொல்லியது. மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது என்று இன்னொரு குவியல் சொல்லியது. இந்தக் குவியலை எழுதியவர் அந்தக் குவியலைப் படித்ததில்லை, ஒருத்தரை ஒருத்தர் மேற்கோள் காட்டியதும் இல்லை. இரண்டையும் படித்த ஸ்வான்சன், அப்படியானால் ரேனோவுக்கு மீன் எண்ணெய் உதவலாமே என்று 1986ல் எழுதினார். 1989ல் நோயாளிகளிடம் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு அவர் சொன்ன பக்கம்தான் சாய்ந்தது. 1988ல் இதே முறையில் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் கோடு போட்டார்.

இப்போது மெஷின்களே விடுபட்ட கோடுகளை ஊகிக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் எண்களால் குறித்த ஒரு இடம், ஒவ்வொரு உறவுக்கும் அங்கிருந்து ஒரு நகர்வு என்று கணக்குப் போடும் டிரான்ஸ்-ஈ முறை 2013ல் வந்தது, அதன் பிள்ளைகள் இன்று ஏராளம். ஊகித்த கோட்டை, உறுதியாகும்வரை, விட்டுவிட்டு வரைந்த கோடாகவே வைத்திரு. ஸ்வான்சன்கூட ‘உதவலாம்’ என்றுதான் எழுதினார், மருந்துச் சீட்டு எழுதவில்லை.

இவ்வளவும் எதற்கு? ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறதே?
— வாசகர், எடப்பாடி

சொல்லிவிடும். அழகாகவும் சொல்லும். ஏற்காடு ஆசிரியர் கேட்ட ஃபுட், நாவலர் சங்கிலியை நானும் பதில் எழுதும் முன் ஒரு சாட்பாட்டிடம் கொடுத்துப் பார்த்தேன். என் கையால் எழுதி வைத்திருந்த தமிழ்க் குறிப்புகளை அப்படியே ஒட்டி, இவர்களுக்குள் உறவு என்ன என்று கேட்டேன். பெர்சிவல் ஃபுட்டின் தாய்மாமன் என்றது. அதோடு விடவில்லை, தாய்மாமன் என்றால் ஃபுட்டின் அம்மா பெர்சிவலுக்கு உடன்பிறந்தவராக இருக்க வேண்டுமே, அதனால் அந்தப் பாதிரியாருக்கு ஒரு தங்கையை உண்டாக்கி, கல்யாணம் செய்துவைத்து, ஃபுட்டைப் பெற வைத்துவிட்டது. மூன்று பத்தி, ஒரு எழுத்துப் பிழை இல்லை. எந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்ட பிறகுதான், உங்கள் குறிப்பிலிருந்து என்று என்னையே காட்டியது.

எடுத்துப் பார்த்தால் தப்பு என் பேரிலும் இருக்கிறது. குறிப்பில் ‘ஃபுட்டின் மாமா பெர்சிவல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் என் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அம்மாவின் தம்பியும் மாமா, அத்தை வீட்டுக்காரரும் மாமா, மனைவியின் அப்பாவும் மாமா, பக்கத்து வீட்டுக்காரரும் மாமா என்று வைத்திருக்கும் மொழியில், பாவம், மெஷின் எந்த மாமாவைப் பிடிக்கும்? பந்திப் பாட்டியாக இருந்தால் “எந்த மாமன், பொண்ணு குடுத்தவரா, கூடப் பொறந்தவரா?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கும். இது கேட்கவில்லை.

அன்றிலிருந்து குறிப்பில் ‘மனைவி’, ‘மனைவியின் அப்பா’ என்று இரண்டு கோடாகப் பிரித்தே எழுதுகிறேன். வீட்டில் மாமாதான்.